முதல் கேள்வி யாரிடம்?

நமது நாட்டில் பஸ்களிலும் ரயில்களிலும் பயணம் செய்யும் பெண்களைப் பற்றி ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் ஓர் ஆய்வு நடத்தி, 2017ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டது. பதிலளித்த பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது பயணத்தின்போது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களில் பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் மட்டுமே.

இந்தக் கணக்கைப் பற்றி எங்கள் உயர்தர வகுப்பில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தோம். தொண்ணூறு என்ற எண் எவரையும் வியக்க வைக்கவில்லை. மாலை நேர வகுப்பு முடிந்து நிரம்பி வழியும் பஸ்ஸில் வீடு திரும்புகிற எந்தப் பிள்ளைக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. நான்கு என்ற எண்தான் எங்களை யோசிக்க வைத்தது. "இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால் நீ வீட்டில் சொல்வாயா?" என்று ஒருத்தி கேட்டாள். "சொன்னா ரியூசன் நிக்கும்" என்றாள் ஒருத்தி. "அடுத்த மாசமே கலியாணம் பேசுவாங்க" என்றாள் இன்னொருத்தி. "பொலிஸுக்குப் போவாயா?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேடிக்கையாகக் கேட்டதைப் போல இருந்தது அந்தச் சிரிப்பு.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பொலிஸையும் நீதிமன்றத்தையும் பற்றி ஏன் இப்படி நினைக்கிறோம்? சட்டம் இல்லாததாலா? அப்படி நினைத்துக்கொண்டுதான் நான் தேடத் தொடங்கினேன். ஆனால், சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கும் பாதிக்கப்பட்டவளுக்கும் நடுவே சில மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, தவறு செய்தவனைப் பற்றியதாக இல்லாமல் அவளைப் பற்றியதாக இருக்கிறது. முறைப்பாடுகள் செத்துப்போவது அந்த இடத்தில்தான் என்பது எனது கருத்து.

முதலில் பொலிஸ் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் உள்ளே போனால் முதலில் நிற்பது எல்லோரும் வந்து போகும் முன் மேசைக்கு எதிரில். பணப்பை தொலைந்தவரும், வாகன விபத்துக்காக வந்தவரும், யாரையோ பிணையில் எடுக்க வந்தவரும் பக்கத்தில் நிற்பார்கள். "என்ன விஷயம்?" என்று அங்கே கேட்கப்படும் கேள்விக்கு அவள் எந்தக் குரலில் பதில் சொல்வாள்? பெண்கள் மற்றும் சிறுவர் பணியகங்கள் நிறுவப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பணியகத்தின் கதவுவரை போவதற்கு முன்பே பாதி விஷயத்தை முன் மேசையில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இரவு நேரத்தில் போனால் பெண் உத்தியோகத்தர் இல்லை, காலையில் வாருங்கள் என்ற பதிலும் கிடைக்கக்கூடும். காலையில் அவள் வருவாளா என்பதை யாரும் யோசிப்பதில்லை.

நமது சமூகத்துப் பெண்ணுக்கு இன்னுமொரு தடை இருக்கிறது. அது மொழி. வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழும் தமிழ் பேசும் பெண் ஒருத்தியின் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. அவள் அழுதுகொண்டு தமிழில் சொல்வதை ஒருவர் அரைகுறையாக விளங்கி, தனது மொழியில் சுருக்கி எழுதுகிறார். கடைசியில் அவளால் வாசிக்க முடியாத ஒரு தாளில் அவள் கையொப்பமிடுகிறாள். சில வருடங்கள் கழித்து அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பொலிஸில் இப்படிச் சொன்னீர்கள், இங்கே வேறு விதமாகச் சொல்கிறீர்கள், எது பொய்?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். மொழிபெயர்ப்பில் விழுந்த பிழை அவளுடைய பொய்யாகிவிடும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே தீர்மானிக்கும் வாக்குமூலத்தில் அது நடைமுறைக்கு வராவிட்டால் வேறு எங்கே வரப்போகிறது?

பொலிஸ் நிலையத்தின் முதல் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2015 மே மாதம் 13ஆம் திகதி புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன ஒரு மாணவி வீடு திரும்பவில்லை. அவளும் எங்களைப் போல உயர்தரம் படித்தவள். அவளுடைய பெயர் நாடு முழுவதும் தெரியும். ஆனாலும் நான் இங்கே எழுதவில்லை. குடும்பத்தினர் பொலிஸாரிடம் போனபோது, அவள் யாருடனாவது போயிருப்பாள் என்ற விதமாகவே பதில் கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். மறுநாள் அவளுடைய உடல்தான் கிடைத்தது. உடனே தேடியிருந்தால் அவள் உயிரோடு கிடைத்திருப்பாளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பிள்ளையைத் தேடி வந்த தாய்க்குக் கிடைத்த முதல் பதில் பிள்ளையின் நடத்தையைப் பற்றிய சந்தேகமாக இருந்தது என்பதை மறக்கக்கூடாது. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வழக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் முன்னிலையில் ட்ரயல் அட் பார் முறையில் விசாரிக்கப்பட்டது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பளிக்கப்பட்டது. இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆனது. நாடே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்த வேகம் வந்தது.

இரண்டாவது இடம் வைத்தியசாலை. பாலியல் வன்முறை நடந்த பின்பு சட்ட வைத்திய அதிகாரி செய்யும் பரிசோதனைதான் வழக்கின் முக்கியமான சான்றுகளில் ஒன்று. நேரம் போகப் போக அந்தச் சான்று அழிந்துவிடும். இது பலருக்குத் தெரியாது. பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்புகளைக் கழுவி, இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே யோசித்துவிட்டுப் போகிறார்கள். பிறகு அறிக்கையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றதும், "ஒன்றும் நடக்கவில்லை போல" என்று ஊர் பேசத் தொடங்கும். உண்மையில் நமது தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, சம்மதம் இல்லை என்பதை நிரூபிக்க உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் இருந்தே ஆக வேண்டியதில்லை என்று தெளிவாகவே சொல்லப்பட்டது. பயத்தில் உடம்பு விறைத்துப்போவதும் உண்டு. அதைச் சட்டம் கிட்டத்தட்ட முப்பது வருடங்களுக்கு முன்பே விளங்கிக்கொண்டது. "நீ ஏன் சத்தம் போடவில்லை?" என்று கேட்கும் நாம்தான் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது இடம் நீதிமன்றம். இங்கே முதல் எதிரி காலம். பொலிஸ் விசாரணை, நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், குற்றப்பத்திரம், மேல் நீதிமன்றம் என்று கோவை ஒவ்வொரு மேசையாக நகர்கிறது. பதினான்கு வயதில் முறைப்பாடு செய்த பிள்ளை இருபது வயது தாண்டிய பின்பு, சில நேரம் மணம் முடித்துக் கையில் குழந்தையோடு சாட்சிக் கூண்டில் ஏறும் நிலை நமது நாட்டில் இருக்கிறது. அதுவரை சந்தேகநபர் பிணையில் வந்து அதே ஊரில், அதே தெருவில் நடமாடுவார். அவள் அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியால் போவாள். மறக்க நினைப்பதை மறக்கவும் முடியாது. ஏனென்றால் மறந்தால் வழக்குத் தோற்றுவிடும்.

இரண்டாவது எதிரி குறுக்கு விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது சட்டத்தரணியின் கடமை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பவத்தைப் பற்றிக் கேட்பது வேறு, அந்தப் பெண் யாரோடு பேசினாள், என்ன உடுத்தினாள், ஏன் அந்த நேரத்தில் வெளியே போனாள் என்று அவளுடைய வாழ்க்கையையே கூண்டில் ஏற்றுவது வேறு. நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டு எழுதப்பட்டது. வல்லுறவு வழக்கில் முறைப்பாட்டாளரான பெண் பொதுவாக நடத்தை கெட்டவள் என்று காட்டி அவளது சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குறைக்கலாம் என்ற ஒரு வாசகமும் அதில் எழுதப்பட்டது. இந்தியச் சட்டத்திலும் அதே வாசகம் இருந்தது. இந்தியா அதை 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நீக்கியது. விக்டோரியா மகாராணியின் காலத்து எண்ணத்துக்கு இந்தக் காலத்து நீதிமன்றத்தில் என்ன வேலை? ஒருத்தி எப்படிப்பட்டவளாக இருந்தாலும் அவளுடைய சம்மதம் இல்லாமல் அவளைத் தொட எவருக்கும் உரிமை இல்லை என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

அதே 1895ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆபாசமான கேள்விகளைத் தடுக்கும் அதிகாரத்தை அது நீதிபதிக்குக் கொடுக்கிறது. அவமானப்படுத்துவதற்காகவே கேட்கப்படும் கேள்வியைத் தடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பாலியல் தொடர்பான வழக்குகளில் பொதுமக்களை வெளியேற்றிவிட்டு விசாரிக்க அரசியலமைப்பின் 106ஆவது உறுப்புரை இடமளிக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அவரது அனுமதியின்றிப் பிரசுரிப்பது தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகளின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்து சான்றாகப் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. குற்றச்செயலால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது; 2023ஆம் ஆண்டு அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. இவ்வளவும் புத்தகத்தில் இருக்கின்றன. ஒரு பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது இவற்றில் ஒன்றையாவது அவளுக்கு யாராவது எடுத்துச் சொல்கிறார்களா என்பதே எனது கேள்வி.

2025 மார்ச் மாதம் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் கடமையாற்றிய பெண் வைத்தியர் ஒருவர், கடமை முடிந்து தனது விடுதிக்குத் திரும்பியபோது கத்திமுனையில் வன்முறைக்கு உள்ளானார். அவர் முறைப்பாடு செய்தார். சில நாட்களுக்குள் சந்தேகநபர் கைது செய்யப்பட்டார். நாடு முழுவதும் வைத்தியர்கள் பணிப்புறக்கணிப்பில் ஈடுபட்டார்கள். அந்தச் சகோதரியின் தைரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விரைவாகச் செயற்பட நமது பொலிஸாரால் முடியும் என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு தொழிலும், ஒரு சங்கமும் நின்றன. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? வீட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்கு? வாப்பா வெளிநாட்டில், உம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றிருக்கும் ஒரு மாணவிக்கு? நீதி என்பது பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக் கொடுக்கப்படுவதாக இருக்கக்கூடாது.

"பொய் முறைப்பாடுகளும் வருகின்றனவே, ஓர் அப்பாவியின் வாழ்க்கை நாசமாகிவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் நானாவும் தம்பியும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து, முறைப்பாடு செய்பவளை முதல் நிமிடத்திலேயே சந்தேகித்து விரட்டுவது அல்ல. உடனடியான பரிசோதனையும், சரியாக எழுதப்பட்ட வாக்குமூலமும், தாமதமில்லாத விசாரணையும்தான் மருந்து. ஒழுங்கான விசாரணை குற்றவாளியைப் பிடிக்கும். குற்றமற்றவரை விடுவிக்கவும் செய்யும். பத்து வருடம் இழுபடும் வழக்கு இருவருக்கும் அநியாயமே.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்காகப் புறப்பட்டுப் போன ஒரு பெண்ணை ஒருவன் வழியில் வன்முறைக்கு உள்ளாக்கிய சம்பவம், அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் நூல்களில் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இடம்பெற்றிருக்கிறது. அவள் சத்தமிட்டாள், அங்கிருந்தவர்களிடம் முறையிட்டாள். "நீ ஏன் தனியாகப் போனாய்?" என்று நபியவர்கள் அவளிடம் கேட்டதாக அதில் இல்லை. அவளுக்கு ஆறுதலான வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். முதலில் தவறான ஒருவர் பிடிபட்டதும், பின்னர் உண்மையான குற்றவாளி தானாகவே முன்வந்து ஒப்புக்கொண்டதும் அதே அறிவிப்பில் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவளை அவமானப்படுத்தாமலும், குற்றமற்றவரைத் தண்டிக்காமலும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன பாடம் நமக்கு வேண்டும்? நான்கு சாட்சிகளைப் பற்றிய வசனத்தைச் சிலர் பாதிக்கப்பட்டவளின் வாயை மூடுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். சூரா அந்நூரில் வரும் அந்த வசனம், பத்தினிப் பெண்கள்மீது அவதூறு சொல்பவர்களுக்கான தண்டனையைப் பற்றியது. முறைப்பாடு செய்த பிள்ளையைப் பற்றிக் கடைத்தெருவிலும் கலியாண வீட்டிலும் கதை கட்டுபவர்கள்தான் அதை வாசித்துப் பயப்பட வேண்டும்.

இனிப் பெற்றோர்களிடம் சில வார்த்தைகள். பொலிஸையும் நீதிமன்றத்தையும் பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் ஒரு பிள்ளையின் முதல் பொலிஸ் நிலையம் அவளுடைய வீட்டுச் சமையலறைதான். அவள் முதலில் உம்மாவிடம்தான் வாக்குமூலம் கொடுக்கிறாள். "நீ ஏன் அங்க போன?" என்று உம்மா கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த உத்தியோகத்தர் அன்பாகக் கேட்டாலும் அவள் வாய் திறக்க மாட்டாள். தவறு செய்தவன் சொந்தக்காரனாக இருந்தால் குடும்பத்துக்குள் மூடி மறைப்பதும், வெளியாளாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசுவதும் நமக்குப் பழகிப்போயிற்று. பாலியல் வல்லுறவு இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. பேசி முடிப்பதால் மானம் காப்பாற்றப்படுவதும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையை நெருங்க அவனுக்குத் தைரியம் கொடுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பணிவோடு சொல்கிறேன். ஏதாவது நடந்ததைச் சொன்ன பிள்ளையின் ரியூசனை நிறுத்துவதும், பாடசாலையை நிறுத்துவதும், அவசரமாகக் கலியாணம் பேசுவதும் பாதுகாப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்களுக்கு அது தண்டனையாகத்தான் தெரிகிறது. குற்றவாளிக்கு நீதிமன்றம் தண்டனை கொடுக்க வருடக்கணக்காகும். முறைப்பாடு செய்தவளுக்கு அன்றைக்கே வீட்டில் தண்டனை கிடைத்துவிடுகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை என்ன படித்துக்கொள்வாள்? சொல்லாமல் இருப்பதுதான் புத்தி என்று படித்துக்கொள்வாள். நூற்றுக்கு நான்கு என்ற எண் இப்படித்தான் உருவாகிறது.

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை பெரிய விடயங்கள் அல்ல. முன் மேசையில் விஷயம் என்ன என்று கேட்காமல் நேராக அழைத்துச் செல்ல ஒரு தனி அறை வேண்டும். இரவிலும் ஒரு பெண் உத்தியோகத்தர் வேண்டும். முறைப்பாட்டாளரின் மொழியில் வாக்குமூலம் எழுதப்பட வேண்டும். முடியாவிட்டால் அதை அவளுடைய மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்ல வைக்காமல் ஒரு தடவை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்குக் கால எல்லை ஒன்று வேண்டும். அவமானப்படுத்தும் கேள்விகளைத் தடுக்கும் அதிகாரத்தை நீதிபதிகள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

தோழிகளே, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்காக 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பல அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் நிலையங்கள் இருக்கின்றன. ஏதாவது நடந்தால் குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகலாம். பெரிய வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரணும் இருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும் ஏற்பாட்டை அங்கேயே செய்வார்கள். போகும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்ஷா அல்லாஹ், எங்கள் வகுப்பிலிருந்து சிலர் சட்டத்தரணியாவார்கள். சிலர் வைத்தியராவார்கள். ஒருத்தியாவது பொலிஸ் உத்தியோகத்தராக வரட்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். எல்லோரும் உம்மாவாகவும் ராத்தாவாகவும் சாச்சியாகவும் எங்கேயோ ஒரு வீட்டில் இருப்போம். ஒரு நாள் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு நம் முன்னால் வந்து நிற்கக்கூடும். அப்போது "நீ ஏன் போனாய்?" என்று கேட்காமல், "யார் மகள் செய்தது? வா, நான் கூட வாறேன்" என்று சொல்லும் ஒருத்தியாக இருப்போம்.